விவாகரத்து வழக்கில் கோர்ட் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பினால் என்ன நடக்கும்?

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. குழந்தை பிறந்த சமயத்தில் மன அழுத்தத்துக்காக (டிப்ரெஷன்) எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்கள். நான்கு வருடம் கழித்து உங்கள் கணவர் விவாகரத்து மனுவில் ‘மனைவிக்கு மனநோய், அதை மறைத்துவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறார். குடும்ப நல நீதிமன்றம் உங்களை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறது. என்ன டெஸ்ட் எடுப்பார்கள், போக மறுக்கலாமா, தனியார் சைக்காலஜிஸ்டிடம் நானே ஒரு ரிப்போர்ட் வாங்கிப் போடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி வேறு: அந்தப் பழைய மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு என்னைப் ‘பைத்தியம்’ ஆக்கிவிட முடியுமா? சீட்டை மட்டும் வைத்து முடியாது. ஏன் முடியாது என்பது புரிந்தால் பரிசோதனை அறையில் பாதி பயம் போய்விடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், வக்கீல் இல்லை. சட்டத்தில் ஒரு அறிக்கை எழுதுபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவைத்தான் சொல்கிறேன், வழக்கை நடத்தும் உத்தி உங்கள் வக்கீலின் வேலை.

நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சட்டத்தின் 13(1) பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, மனநோய் இருந்தால் விவாகரத்து என்று சொல்லவில்லை. தீராத மனநிலைப் பிறழ்வு இருக்க வேண்டும். அல்லது தொடர்ந்தோ விட்டுவிட்டோ வரும் மனக்கோளாறு, அந்தத் துணையோடு சேர்ந்து வாழ மனுதாரரிடம் நியாயமாக எதிர்பார்க்க முடியாத வகையிலும் அளவிலும் இருக்க வேண்டும். ‘வகையிலும் அளவிலும்’ என்பதுதான் உயிர்நாடி. ராம் நாராயண் குப்தா எதிர் ராமேஸ்வரி குப்தா வழக்கில் 1988-இல் உச்ச நீதிமன்றம், நோயின் பெயரை மட்டும் நிரூபித்தால் போதாது, அதன் தீவிரத்தையும் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அங்கே பேசப்பட்டது ஸ்கிஸோஃப்ரினியா என்ற தீவிர மனநோய். 2013-இல் வந்த இன்னொரு வழக்கில் மனைவிக்கு ஸ்கிஸோஃப்ரினியா என்று கணவர் சொன்னார். அந்த மனைவி அரசு மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் முடித்திருந்தார். உச்ச நீதிமன்றம் விவாகரத்து தர மறுத்தது. அவ்வளவு கனமான நோய்க்கே இதுதான் அளவுகோல் என்றால், எட்டு மாத சிகிச்சையில் தீர்ந்த பிரசவ கால மன அழுத்தம் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3(5) பிரிவு இன்னும் நேராகவே பேசுகிறது: ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கப்பட்டாலும், தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிக்காதவரை அவரை மனநிலை பிறழ்ந்தவர் என்று கொள்ளக் கூடாது. (கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்தில் அளவுகோல் வேறு, அங்கே மனு போடுவதற்கு முன் தொடர்ச்சியாக 2 வருடம் தீராத மனநிலைப் பிறழ்வு இருந்திருக்க வேண்டும்.)

மறுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சாரதா எதிர் தரம்பால் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைத்தது. குடும்ப வழக்கைக் கேட்கும் நீதிமன்றம் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அது தனிமனித உரிமையை மீறுவதாகாது. ஆனால் கேட்பவர் கையில் முதல் பார்வைக்கே வலுவான ஆதாரம் இருக்க வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் மறுத்தால் அதை நீதிமன்றம் மறுத்தவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே எதிர்ப்பதற்கான நேரம் உத்தரவுக்கு முன்னால், கணவர் போட்ட இடைக்கால மனுவுக்குப் பதில் தாக்கல் செய்யும்போது. அந்தக் கட்டம் உங்களுக்குக் கடந்துவிட்டது என்று தெரிகிறது. மேல்முறையீடு பற்றி வக்கீல் வேறு யோசனை வைத்திருந்தால் தவிர, போய்விடுவதே நல்லது. அந்த மருத்துவமனையில் கணவரின் உறவினர் யாராவது வேலை பார்க்கிறார் என்பது போன்ற காரணம் இருந்தால் இடத்தை மாற்றக் கேட்பது நியாயமான கோரிக்கை. பெண் மருத்துவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

போவதற்கு முன் உத்தரவின் நகலை வாங்கி, மருத்துவமனையிடம் நீதிமன்றம் என்ன கேட்டிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அறிக்கை கெட்டுப்போவது பலமுறை இங்கேதான். ‘எதிர்மனுதாரரின் மனநிலையைப் பரிசோதித்து அறிக்கை தரவும்’ என்று ஒரே வரியில் கேட்டால், வரும் பதிலும் எந்தப் பக்கமும் இழுக்கக்கூடிய ஒரு வரியாகவே இருக்கும். தற்போது மனநோய் உள்ளதா, இருந்தால் எது, எவ்வளவு தீவிரம், சிகிச்சைக்கு எப்படிக் கட்டுப்படுகிறது, வீடு, வேலை, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றை அது எந்த அளவு பாதிக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டிருந்தால் பதிலும் தனித்தனியாக வரும். உத்தரவு மொட்டையாக இருந்தால், கேள்விகளைக் குறிப்பிட்டுத் தரும்படி உங்கள் வக்கீல் ஒரு மெமோ போடலாம்.

அன்றைக்கு என்ன நடக்கும்? கோர்ட் கடிதம், ஆதார் அட்டை, ஓபி சீட்டு. உடலில் இரண்டு மச்சம் அல்லது தழும்பை அடையாளமாகக் குறிப்பார்கள். வந்தது நீங்கள்தான் என்பதற்காக அது, சங்கடப்பட ஒன்றுமில்லை. அடுத்து, நீங்கள் சொல்வது நீதிமன்றத்துக்குப் போகும், வழக்கமான சிகிச்சையில் இருக்கும் ரகசியம் இங்கே இல்லை என்பதை விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். விளக்காமல் பேனாவை நீட்டினால் ‘இதில் என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பிறகு மனநல மருத்துவர் பேசுவார். பிறப்பு, படிப்பு, வேலை, திருமணம், பிரசவம், சிகிச்சை என்று வரலாறு முழுக்க. அதனூடே உங்கள் பேச்சு, முகபாவம், எண்ண ஓட்டம், நினைவு, கவனம் எல்லாவற்றையும் கவனித்துக் குறித்துக்கொள்வார். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது, பழமொழிக்கு அர்த்தம் கேட்பது, பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது எல்லாம் இதில் அடங்கும். குழந்தைத்தனமாகத் தோன்றும். கேலி செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், எல்லாரிடமும் கேட்பதுதான்.

பிறகு சைக்காலஜிஸ்டிடம் டெஸ்டுக்கு அனுப்புவார்கள். எந்த டெஸ்ட் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். மன அழுத்தத்தை அளக்க 21 கேள்விகள் கொண்ட பெக் அளவுகோலோ, மருத்துவரே கேட்டு நிரப்பும் ஹாமில்டன் அளவுகோலோ இருக்கலாம். ஆளுமைக்கு எம்.எம்.பி.ஐ. போன்ற நீளமான வினாத்தாள். அதன் இரண்டாம் பதிப்பில் ‘சரி’, ‘தவறு’ என்று குறிக்க வேண்டிய 567 வாக்கியங்கள் உண்டு; ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பாதி வாக்கியம் கொடுத்து முடிக்கச் சொல்வது, மைக்கறை படிந்த 10 அட்டைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் ஆகியவையும் வரலாம். புத்திக்கூர்மை சந்தேகத்தில் இல்லாத வழக்கில் ஐ.க்யூ. டெஸ்ட் தேவையில்லை, ஆனாலும் சில இடங்களில் வழக்கமாக எடுத்துவிடுகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இணையத்தில் இந்த டெஸ்டுகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எம்.எம்.பி.ஐ.-யில் நோயை அளக்கும் பகுதிகள் தவிர, பதில் சொல்பவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை அளக்கும் பகுதிகளும் உண்டு. எந்த மனிதருக்கும் இருக்கும் சின்னக் குறைகளைக்கூட ‘எனக்கு இல்லை’ என்று மறுத்துக்கொண்டே போனால் அந்த அளவு ஏறும். குழந்தைக் காவல், விவாகரத்து என்று வழக்கில் நிற்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏறியிருப்பது சகஜம். அனுபவமுள்ளவர் அதற்கு இடம் கொடுத்தே வாசிப்பார். ரொம்ப ஏறினால் டெஸ்டே செல்லாது என்று எழுதுவதைத் தவிர வழியில்லை. நீதிமன்றத்தில் அதற்கு என்ன பொருள் கற்பிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கோபம் வந்ததுண்டா என்று கேட்டால் வந்ததுண்டு என்று சொல்லுங்கள். வழக்கால் தூக்கம் கெட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதை நோய் என்று யாரும் எழுத மாட்டார்கள், ‘வழக்கு தொடர்பான மன உளைச்சல்’ என்றுதான் எழுதுவார்கள், எழுத வேண்டும்.

மொழி விஷயம் இங்கே பெரிய ஓட்டை. ஆங்கில வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சி மாணவர் வாய்க்கு வந்தபடி தமிழில் சொல்லி, நீங்கள் சொன்ன பதிலை அவரே டிக் செய்வது நடக்கிறது. அப்படி எடுத்த மதிப்பெண்ணை அந்த டெஸ்டின் அட்டவணையோடு ஒப்பிட முடியாது, கேள்வியே மாறிவிட்டது. ஆங்கிலத்தில் தடையின்றிப் படிப்பவர் என்றால் ஆங்கிலத்திலேயே எழுதலாம். இல்லையென்றால் தரப்படுத்திய தமிழ்ப் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த டெஸ்டை விட்டுவிட்டு நேர்காணலை ஆழமாகச் செய்வதுதான் நேர்மையான வழி. எந்த டெஸ்ட், எந்தப் பதிப்பு, எந்த மொழி என்று வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பின்னால் குறுக்கு விசாரணைக்கு வக்கீலுக்கு இதைவிட உதவுவது வேறில்லை.

இப்போது மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால், டெஸ்டுக்காக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வரும் படபடப்பும் தூக்கமின்மையும் அன்றைக்கு உங்கள் முகத்தில் தெரியும். எதை எப்போது எடுத்தீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், தூக்கம் தரும் மாத்திரை கவனத்தைச் சற்று மந்தமாக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடி போடுபவரானால் மறக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், குழந்தையை யாரிடமாவது விட்டுச் செல்லுங்கள். ஒரே நாளில் முடியாமல் இரண்டாம் முறை வரச் சொன்னால் அது நல்ல அறிகுறி. பதினைந்து நிமிடம் பார்த்து எழுதிய அறிக்கைக்குத்தான் பயப்பட வேண்டும்.

இனி அந்தப் பழைய சீட்டு. மறைக்காதீர்கள். சிகிச்சை பெற்றது குற்றமில்லை. மறைத்தது வெளியே வந்தால் எதிர்த் தரப்புக்கு நீங்களே ஆயுதம் கொடுத்தது போலாகும். அந்த மருத்துவமனையிலிருந்து முழுப் பதிவையும் வாங்குங்கள், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. 23-ஆம் பிரிவின் ரகசியக் காப்பு இருப்பதால், உங்கள் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் கணவர் கேட்டார் என்பதற்காக அவர்கள் அந்தப் பதிவைக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்திருந்தால் வக்கீலிடம் சொல்லுங்கள். முழுப் பதிவு ஏன் முக்கியம் என்றால், தனிச் சீட்டு பொய் சொல்லும். மருத்துவர் ஒரு நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போட்டிருந்தால் அது சந்தேகம், முடிவல்ல. ‘ஆர்/ஓ’ என்று எழுதியிருந்தால் ‘அது இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்’ என்று பொருள். ஆனால் கோர்ட்டில் அதையே நோய் இருந்ததற்குச் சான்றாக வாசிப்பார்கள். குவெட்டியாபின் 25 மி.கி. போன்ற குறைந்த அளவு பலமுறை தூக்கத்துக்காகத் தரப்படுவது. இணையத்தில் தேடினால் ‘ஸ்கிஸோஃப்ரினியா மருந்து’ என்று வரும், மனுவில் அதுவே ஏறிவிடும். சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் எஃப் 32 என்றால் மன அழுத்தம், எஃப் 53 என்றால் பிரசவத்தை ஒட்டி வரும் மனக்கோளாறு, எஃப் 20 தான் ஸ்கிஸோஃப்ரினியா. உங்கள் சீட்டில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். அப்போது எடுத்த தைராய்டு ரிப்போர்ட் இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு குறைந்தாலும் சோர்வும் அழுகையும் மன அழுத்தம் போலவே வரும்.

பிரசவத்துக்குப் பின் வருவதில் மூன்று வேறு வேறு விஷயங்கள் உண்டு, மனுக்களில் மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். முதல் சில நாளில் காரணமில்லாமல் அழுகை வந்து இரண்டு வாரத்துக்குள் போய்விடுவது நோயே இல்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிப்பது மன அழுத்தம். சிகிச்சையில் பெரும்பாலும் முழுதாகத் தீரும். மாயக்குரல், பொய்யான நம்பிக்கைகள் என்று வரும் தீவிர வகை மிக அரிது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு. உங்களுக்கு வந்தது எது என்பதை இப்போது எடுக்கும் எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. எம்.எம்.பி.ஐ. இன்றைய நிலையைத்தான் காட்டும். நான்கு வருடத்துக்கு முந்தைய நிலைக்கு ஆதாரம் அன்றைய பதிவுகளும், அன்று உங்களைப் பார்த்தவர்களின் வாக்கும் மட்டுமே. அப்படியிருந்தும் ஒரு அறிக்கை இன்றைய டெஸ்டை வைத்து ‘திருமணத்துக்கு முன்பிருந்தே இருந்திருக்கிறது’ என்று எழுதினால் அந்த வரிக்கு அடிப்படை இல்லை. மனுவில் ‘மறைத்துவிட்டார்கள்’ என்று இருப்பதால் இது உங்களுக்கு முக்கியம்: திருமணத்துக்குப் பிறகு வந்த ஒன்றைத் திருமணத்தின்போது மறைத்திருக்க முடியாது. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பிரசவ கால மன அழுத்தம் வந்தவருக்கு அடுத்த பிரசவத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கேட்டால் நேர்மையான அறிக்கை அதை ஒப்புக்கொள்ளும். அது ஒரு சாத்தியக்கூறு, தற்போதைய நோய் அல்ல.

டெஸ்டுகளில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதில் எங்கள் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. கவனமான நேர்காணல், பழைய பதிவுகள், இரு தரப்பிலும் தனித்தனியாகக் கேட்ட விவரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் அது உறுதியான தரை. வினாத்தாள் மதிப்பெண் அதற்குத் துணை. ரோர்ஷாக் போன்றவற்றை மட்டும் வைத்து ‘அடக்கப்பட்ட ஆத்திரம்’, ‘குடும்ப வாழ்வுக்குப் பொருந்தாத ஆளுமை’ என்றெல்லாம் எழுதுவது என் பார்வையில் நீதிமன்றத்துக்கு ஆகாத காரியம். கையெழுத்து ஆராய்ச்சி, ‘பிரெய்ன் மேப்பிங்’ என்று யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அறிக்கையில் சைக்காலஜிஸ்ட் சொல்லக் கூடாதவையும் உண்டு. யார் சொல்வது உண்மை, விவாகரத்து தரலாமா, இவர் மனைவியாக இருக்கத் தகுதியானவரா என்பதெல்லாம் நீதிபதியின் இடம்.

தனியார் அறிக்கை வாங்கலாம், தடையில்லை. 1984-ஆம் ஆண்டு குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வழக்குக்கு உதவும் எந்த ஆவணத்தையும் ஏற்க நீதிபதிக்கு இடம் தருகிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கியது என்ற நிழல் அதன்மேல் விழும். கோர்ட் அனுப்பிய பரிசோதனைக்கு முன்னால் அவசரப்பட்டு வாங்குவதில் பயன் குறைவு. அதே டெஸ்டை சில வாரத்தில் மறுபடி எடுத்தால் இரண்டாவதன் மதிப்பும் குறையும். அரசு அறிக்கை வந்தபின் அதில் ஓட்டை இருந்தால், அதை அலசிச் சொல்ல ஒரு நிபுணரைப் பிடிப்பது நல்ல செலவு. பிடிக்கும்போது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் இருக்கிறதா, இரண்டு வருட முழுநேர கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். படித்தவரா என்று பாருங்கள், மனநலப் பராமரிப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று முதன்மையாகச் சொல்வது அவரைத்தான். எம்.எஸ்.சி. முடித்து ஆன்லைனில் டிப்ளமோ வாங்கியவர் கவுன்சிலிங் நன்றாகச் செய்யலாம்; கூண்டில் ஏறினால் முதல் கேள்வியிலேயே இறங்க வேண்டியிருக்கும். உங்கள் இருவருக்கும் கவுன்சிலிங் கொடுத்தவரிடம் அறிக்கை கேட்காதீர்கள், இரண்டும் வேறு வேலை. உங்கள் கணவர் தரப்பில் உங்களை நேரில் பார்க்காமலே, வாட்ஸ்அப் செய்திகளைப் படித்து ஒருவர் எழுதிய கடிதம் தாக்கலாகியிருந்தால் கலங்க வேண்டாம். பார்க்காத ஆளுக்கு நோயின் பெயர் வைப்பது எங்கள் தொழிலில் தவறு, எந்த வக்கீலும் ஐந்து நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார்.

மருத்துவமனை அறிக்கை பொதுவாகச் சீல் வைத்த கவரில் நீதிமன்றத்துக்கே போகும், உங்கள் கையில் தர மாட்டார்கள். தாக்கலானதும் நகல் மனு போட்டு வாங்கி, எதிர்ப்பு இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். அறிக்கை சாதகமாக இல்லாவிட்டாலும் அது இறுதி இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 39-ஆம் பிரிவின்படி அது ஒரு நிபுணர் கருத்து, அவ்வளவே. எழுதியவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கக் கேட்கலாம். எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எந்த மொழியில், அந்த டெஸ்டின் தமிழ்ப் பதிப்பு எது, கணவரிடம் மட்டும் விவரம் கேட்டீர்களா, நீங்கள் சொல்லும் பாதிப்பு அந்தப் பெண் தினமும் வேலைக்குப் போவதோடு எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டால் மோசமான அறிக்கை அங்கேயே ஆட்டம் காணும். மனநோய்க்கான சான்று என்று ஒரு தரப்பு வைத்ததை மறு தரப்பு மறுத்தால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். இந்தப் பிரிவைப் பலர் பயன்படுத்துவதில்லை. உங்கள் வக்கீலிடம் எண்ணைச் சொல்லி நினைவூட்டுங்கள்.

குழந்தையைப் பற்றிக் கடைசி வரியில் பயந்து எழுதியிருந்தீர்கள். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி, இந்தப் பரிசோதனை அதற்காக நடத்தப்படவில்லை. அதற்குத் தனியாக மதிப்பீடு வேண்டும்: குழந்தையோடு நீங்கள் இருப்பதைப் பார்க்க வேண்டும், அப்பாவோடு இருப்பதையும் பார்க்க வேண்டும், பள்ளியில் விசாரிக்க வேண்டும். உங்களுக்கான இந்த அறிக்கையில் ‘தாயாகத் தகுதியற்றவர்’ என்ற வகையில் ஒரு வரி இருந்தால், கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் என்று அந்த வரியை மட்டும் நீக்கக் கோரி மனு போடச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, பெற்றோர் கூட்டத்தில் போட்ட கையெழுத்து இவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள், காவல் பற்றிய பேச்சு வரும் வாய்தாவில் அவை வேண்டியிருக்கும்.